கடல் பஞ்சும் ஒரு தண்ணீர் பாட்டிலும்

போன வருஷம் ஜூன் மாசம், கல்லூரி திறந்த முதல் வாரம். மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் விலங்கியல் மியூசியத்தில் நடந்தது இது. மியூசியம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாடியில் ஒரு நீளமான அறை, இரும்பு அலமாரிகள், அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்குள் ஸ்பிரிட், அதற்குள் பாம்பு, நண்டு, நட்சத்திர மீன் எல்லாம் மிதக்கும். இருபத்து மூன்று வருஷமாக அந்த ஜாடிகளுக்கு நான்தான் பொறுப்பு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டைக்கூட அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவேன். தி.நகரில் புடவை எடுத்தால், நான் எடுத்த அதே புடவைதான் பைக்குள் போகிறதா என்று கவுன்டர்வரை கூடவே நடப்பேன். "உனக்குப் போலீஸ் வேலை கிடைச்சிருக்கணும். தப்பிப்போய் டெஸ்ட் டியூபைப் பிடிச்சிட்டே" என்பார் என் வீட்டுக்காரர். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

என் வேலையும் அந்தக் குணத்துக்கு ஏற்ற வேலைதான். நான் படித்தது கடல் பஞ்சுகளைப் பற்றி. ஸ்பாஞ்ச் என்கிறோமே, அது செடி இல்லை, பாறையும் இல்லை, உயிருள்ள பிராணி. வாய் கிடையாது, வயிறு கிடையாது, இதயமோ மூளையோ கிடையாது. உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டித் துளை. துளை வழியாகக் கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் வரும் இரையை வடிகட்டித் தின்றுவிட்டு, பெரிய துளை ஒன்றின் வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. ஆனால் அது எந்த ஜாதி என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். ஒரே இனம் அலையடிக்கும் இடத்தில் தட்டையாக ஒட்டியிருக்கும், அமைதியான இடத்தில் விரல் விரலாக வளரும். ஸ்பிரிட்டில் போட்டால் நிறமெல்லாம் வெளுத்துப்போகும்.

நம்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதன் சதைக்குள் கண்ணாடியால் ஆன நுண்ணிய முட்கள் இருக்கும். ஸ்பிக்யூல் என்போம். ஒரு இனத்துக்கு ஊசி போல, இன்னொன்றுக்கு நட்சத்திரம் போல, வேறொன்றுக்கு நங்கூரம் போல. அரிசி அளவு ஒரு துண்டு வெட்டி, துணிக்குப் போடும் பிளீச்சில் ஊறவைத்தால் சதை கரைந்து முள் மட்டும் அடியில் தங்கும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றி, மறுபடி தங்கவிட்டு, மறுபடி கொட்டி, இப்படி நாலைந்து தடவை. கடைசியில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அதன் ஜாதகம் தெரிந்துவிடும். "உருவத்தைப் பார்த்து ஏமாறாதீங்க, முள்ளைப் பாருங்க" என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்கிற ஆள் நான்.

எங்கள் மியூசியத்தில் ஒரே ஒரு குளிர்கடல் பஞ்சு இருக்கிறது. வடக்கே ஐஸ் மிதக்கும் கடலில் எடுத்தது. எங்கள் பழைய பேராசிரியர் ஒருவர் காலத்தில் வெளிநாட்டுக் கல்லூரியோடு மாற்றிக்கொண்டு வாங்கியது. உள்ளங்கையும் விரல்களும் போல இருக்கும். எங்களிடம் இருப்பது அந்த ஒரு துண்டுதான். போனால் போனதுதான். அடையாறில் இருக்கும் ஓர் ஆய்வாளர், தன்னிடம் உள்ள ஒரு மாதிரியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பினேன். அதற்கு முன்னால் ஆபரேஷனுக்காக ஒன்றரை மாசம் லீவு. வந்ததும் முதல் வேலையாக அந்த ஜாடியைப் பார்த்தேன். பார்த்ததும் சுருக்கென்றது. நான் போகும்போது முக்கால் ஜாடிதான் ஸ்பிரிட் இருந்தது, இப்போது கழுத்துவரை நிற்கிறது. ஸ்பிரிட் ஆவியாகிப் போகாமலிருக்க மூடியில் தடவும் வாஸ்லின், புதிதாகத் தடவியிருக்கிறது. லேபிள் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. யாரோ திறந்திருக்கிறார்கள். ஸ்டோர் ரூமுக்குப் போய் ஸ்பிரிட் கேனை எடுத்துப் பார்த்தால், ரிஜிஸ்டரில் எழுதியதைவிட அரை லிட்டர் போலக் குறைகிறது.

லீவில் மியூசியத்துக்குள் வந்துபோனது ஒரே ஒரு ஆள்தான். எங்கள் டிபார்ட்மென்டில் பெருக்கித் துடைக்கிற அந்த அம்மா. ஏஜென்சி மூலமாக வந்தவர், கான்ட்ராக்ட் வேலை. முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்த இவர் குடும்பத்தை, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அரசாங்கம் அனுப்பிவிட்டது. தினமும் இரண்டு பஸ் மாறி, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து நிற்பார். நாலு வருஷத்தில் ஒரு ஸ்லைடுகூட உடைத்ததில்லை. ஆனால் அதெல்லாம் அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தால்தானே!

கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா, இந்த ஜாடியை யாரு தொறந்தது?"

"தெரியாது மேடம்" என்றார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

மடியில் கனம் இல்லாவிட்டால் எதற்குத் தரையைப் பார்க்க வேண்டும்? எனக்கு உடனே ஒரு முழுக் கதையே தயாராகிவிட்டது. ஸ்பிரிட்டைத் திருடியிருக்கிறார். புருஷன் குடிகாரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அட்டெண்டர் ஸ்பிரிட் திருடி மாட்டிக்கொண்டு வேலையை இழந்தார், அதிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்கள் கேனைத் தொடவே கூடாது என்று உத்தரவு. இவர் எடுக்கும் அவசரத்தில் ஜாடியைத் தட்டிவிட்டிருப்பார், உள்ளே இருந்தது விழுந்து பாழாகியிருக்கும். வேறு எதையோ எடுத்து உள்ளே போட்டு, நிரப்பி மூடிவிட்டார். வெளுத்துப்போன பஞ்சுகள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரளக்கூட வேண்டியதில்லை, எனக்குப் பிறவியிலேயே அப்படி ஒரு கண்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்கு பிராக்டிகல். நம் பக்கத்துக் கடலில் கிடைக்கும் ஆரஞ்சு உருண்டை போன்ற பஞ்சை பிளீச்சில் போட்டு முள் எடுத்துக் காட்டினேன். அதன் முட்கள் நட்சத்திர நட்சத்திரமாக, பார்க்க அழகாக இருக்கும். புதன்கிழமை மதியம் வேலையெல்லாம் முடித்துவிட்டு, அந்த ஜாடியைத் திறந்து ஒரு சிறு துண்டு வெட்டினேன். குளிர்கடல் பஞ்சாக இருந்தால் இரண்டு விதமான முட்கள் இருக்க வேண்டும். இரண்டு முனையும் கூரான ஊசிகள், கூடவே ரொம்பப் பொடியான நங்கூரங்கள்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஊசிகள் இருந்தன. நங்கூரம் ஒன்றுகூட இல்லை. ஊசிகளுக்கு நடுவே நட்சத்திரங்கள்!

என்ன சொல்ல, எனக்கு ஒரே குஷி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மை அதுதான். அருமையான மாதிரி ஒன்று போய்விட்டதே என்ற வருத்தத்தைவிட, நான் நினைத்தது சரியாகப் போயிற்றே என்ற குஷிதான் முதலில் வந்தது. ஐஸ் தண்ணீரில் வளர்ந்ததை எடுத்துவிட்டு நம்மூர் சரக்கைப் போட்டு வைத்திருக்கிறார் என்பதற்குக் கண்ணாடியிலேயே சாட்சி.

அன்று சாயங்காலம் அந்த அம்மா கிளம்பும்போது நிறுத்தினேன். "பையைக் காட்டு" என்றேன். லேபில் நாலைந்து மாணவிகள் இருந்தார்கள், அவர்கள் முன்னாடிதான். அவர் ஜிப்பைத் திறந்து மேஜைமேல் வைத்தார். கழுவிய டிபன் பாக்ஸ், மாற்றுப் புடவை, பஸ் பாஸ், மாத்திரை அட்டை, ஒரு தண்ணீர் பாட்டில். பாட்டிலில் பாதி தண்ணீர் இருந்தது. நான் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். ஸ்பிரிட் வாசனை வருகிறதா என்று. வரவில்லை. "சரி, போ" என்றேன். இதை எழுதும்போதுகூட எனக்கு முகம் சூடாகிறது.

வியாழக்கிழமை துறைத் தலைவரிடம் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தேன். அவருடைய படிப்பு பூச்சிகளைப் பற்றி, கடல் பஞ்சைப் பற்றி நான் சொல்வதுதான் அவருக்கு வேதம். படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இதை ஏஜென்சிக்கு அனுப்பினா அந்தம்மாவை நாளைக்கே நிறுத்திடுவாங்க மேடம். வேற எங்கயும் சேர்க்கவும் மாட்டாங்க. நிச்சயமாத் தெரியுமா?"

"ஸ்லைடுல இருக்கு சார்" என்றேன்.

"அப்போ நல்லதா ஒரு ஸ்லைடு போட்டு, போட்டோ எடுத்துக் குடுங்க. அவங்க கேட்டா காட்டணும். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு அந்தம்மாவையும் வரச் சொல்றேன். முகத்துக்கு நேரா சொல்லிட்டு அனுப்பிடலாம்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். பழைய டெஸ்ட் டியூப்கள் எல்லாம் பிள்ளைகள் ஊறப்போட்டு வைத்திருந்ததால், புது டப்பாவைப் பிரித்துப் புது டியூப், புது டிராப்பர் எடுத்தேன். பிளீச் ஊற்றிக் கரைத்து, முதல் தண்ணீர் ஊற்றி நிறுத்திய நேரத்தில் ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டார். அட்மிஷன் விண்ணப்பங்களைச் சரிபார்க்க ஆள் இல்லையாம். போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஓடி வந்து தண்ணீரை மாற்றினேன். மறுபடி கூப்பிட்டார்கள். இப்படியே ஒவ்வொரு தண்ணீருக்கும் நடுவில் அரை மணி, முக்கால் மணி ஓடிப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினேன்.

பன்னிரண்டு மணிக்குத் துறைத் தலைவர் வந்தார். அவர் பின்னால் அந்த அம்மா. உள்ளே வரவில்லை, கதவோரமாகவே நின்றார். கையில் துடைக்கிற துணியைச் சுருட்டிப் பிடித்திருந்தார். நான் ஸ்லைடை வைத்து, கண்ணை ஒட்டி, குமிழைத் திருகினேன்.

ஊசிகள். நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. ஊசிகளுக்கு இடையே, எங்கே பார்த்தாலும், பொடிப் பொடியாக நங்கூரங்கள்.

ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். நங்கூரம், நங்கூரம், நங்கூரம். ஜாடியில் இருப்பது அதே குளிர்கடல் பஞ்சுதான். அப்படியானால் புதன்கிழமை நான் பார்த்தது என்ன? யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை ஆரஞ்சு உருண்டைக்குப் பயன்படுத்திய அதே டியூபையும் டிராப்பரையும் குழாயில் காட்டி அலசிவிட்டு எடுத்திருக்கிறேன். கண்ணாடி முள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், அலசினால் போகாது, ஒவ்வொரு பஞ்சுக்கும் புது டியூப் என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். நங்கூரம் ஏன் தெரியவில்லை? பொடி முட்கள் அடியில் தங்க நேரமாகும். அதற்குள் தண்ணீரைக் கொட்டினால் அவையும் தொட்டிக்குள் போய்விடும். "கொட்டறதுக்கு முன்னாடி கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று பிள்ளைகளிடம் சொல்கிறவளே நான்தான். புதன்கிழமை எனக்கு டீ குடிக்கப் பொறுமை இல்லை. திருடியைப் பிடிக்கும் அவசரம். இன்றைக்கு அட்மிஷன் வேலை என்னை இழுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால், இன்றைக்கும் அப்படித்தான் கொட்டியிருப்பேன்.

"என்ன மேடம், தெரியுதா?" என்றார் துறைத் தலைவர்.

இங்கேதான் நான் மறைக்காமல் சொல்ல வேண்டிய இடம் வருகிறது. அந்த அறையில் அந்த முட்களைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் நட்சத்திரம் என்றால் நட்சத்திரம். ஸ்லைடைத் துடைத்துவிட்டு, "இது சரியா வரல சார், புதன்கிழமை பார்த்ததே போதும்" என்று சொன்னால் முடிந்தது. அப்படிச் சொல்ல வாய்வரை வந்தது. இருபத்து மூன்று வருஷப் பேர், பிள்ளைகள் முன்னால் பையைச் சோதித்தது, கையெழுத்துப் போட்ட புகார், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றது. நாங்கள் கத்தோலிக்கர்கள், சாந்தோம் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். ஞாயிறு தவறாமல் பூசையில் நின்று, என் பாவம் என்று நெஞ்சில் தட்டிக்கொள்கிறவள் நான். அந்த நெஞ்சில் அன்றைக்கு என்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அரை நிமிஷம் போல லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

பிறகு எழுந்தேன். "சார், இது அதே பஞ்சுதான். யாரும் மாத்தல. தப்பு என்னோடது. முந்தின நாள் டியூப்லயே போட்டுட்டேன், அவசரப்பட்டுக் கொட்டிட்டேன்" என்றேன்.

துறைத் தலைவர் என்னையே பார்த்தார். "அப்போ அந்த ஜாடி? ஸ்பிரிட்?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

அந்த அம்மா துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான்தான் சார் தொறந்தேன். மே மாசம் பெருக்கிக்கினு வரேன், அந்த ஜாடி பாதிக்குக் கீழ எறங்கிப் போய்க் கீது. வெரலுங்க மாதிரி கீதே, அது வெளிய தெரியுது. காஞ்சா போச்சி, மறுபடி கெடைக்காதுன்னு மேடம் புள்ளைங்களாண்ட சொல்லிக்கினே இருப்பாங்க. காலேஜ் லீவு, யாரும் இல்ல. ஸ்டோர் ரூம் சாவி எங்க கீதுன்னு தெரியும். ஊத்தி ரொப்பி, வாஸ்லின் தடவி மூடிட்டேன்."

நான் லீவில் போகும் முன் எல்லா மூடிகளுக்கும் வாஸ்லின் தடவிவிட்டுப் போவது வழக்கம். அந்தத் தடவை ஆபரேஷன் பயத்தில் மறந்தே போனேன். ஜாடி வற்றியதே என்னால்தான். அதைக் காப்பாற்றியவரைத்தான் நான் திருடி என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

"திங்கக்கிழமை கேட்டேனே, அப்பவே ஏன் சொல்லல?" என்றேன். கேட்டிருக்கக்கூடாத கேள்வி.

"சொன்னா நம்பி இருப்பீங்களா மேடம்?" என்றார். "ஸ்பிரிட்டத் தொட்டேன்னு சொன்னா, இன்னாத்துக்குத் தொட்டேன்னா நெனைப்பீங்க?"

மன்னிச்சிக்கோங்க என்று சொன்னேன். அவருக்கு எதிரில் நின்று 'ங்க' போட்டுப் பேசியது நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவர் தலையை மட்டும் ஆட்டினார். துறைத் தலைவர் புகாரை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் போனார். நான் அந்த அம்மாவை மைக்ராஸ்கோப் அருகில் கூப்பிட்டேன், என்ன தோன்றியதோ. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதா மேடம்? தூண்டில் முள்ளு கணக்கா கீது. இம்மாத்தூண்டு" என்றார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. லென்ஸைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "வேலையவுட்டு எடுத்திருந்தாக்கூட போயிருப்பேன் மேடம். தண்ணி பாட்டில மோந்து பாத்தீங்களே. அத்த எங்க ஊட்ல யாராண்டயும் சொல்லல."

சாயங்காலம் அடையாறு ஆய்வாளர் வந்தார். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் இவ்வளவு நல்ல நிலையில் வைத்திருக்கிறீர்களே என்று என்னைப் பாராட்டினார். பாராட்டு எனக்கில்லை, இவருக்குத்தான் என்று அந்த அம்மாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். அடுத்த திங்கட்கிழமை, பையைத் திறக்கச் சொன்னபோது இருந்த அதே மாணவிகள் முன்னால் நடந்ததைச் சொல்லி மறுபடி மன்னிப்புக் கேட்டேன். கான்ட்ராக்ட் ஆட்களும் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு ஸ்பிரிட் எடுக்கலாம் என்று துறைத் தலைவரிடம் சண்டை போட்டு உத்தரவு வாங்கினேன். இப்போது லீவு நாட்களில் ஜாடிகளைப் பார்த்துக்கொள்வது அந்த அம்மாதான். என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கிளம்பும்போது, நான் கேட்காமலே, என் மேஜைக்கு எதிரில் வந்து நின்று பையின் ஜிப்பைத் திறந்து காட்டுகிறார். கோபமும் இல்லை, குத்திக்காட்டலும் இல்லை. "வேணாம்மா, தயவுசெஞ்சு வேணாம்" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் மேடம், பாத்துக்கோங்க. நாளைக்கு ஒண்ணு இல்லேன்னா பேஜாராயிடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பாட்டிலையும் எடுத்து மேஜைமேல் வைக்கிறார்.

நேற்றும் வைத்தார். டியூபில் கலங்கிய தண்ணீர் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன், ஆனால் நான் அந்த ஒரு மூடியைத் திறந்து மோந்து பார்த்தது ஒரு வருஷமாகியும் அந்த அம்மாவின் மனசில் அடங்கவில்லை, அடங்க இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.